நடந்தே வந்த விருந்து: மாட்ரிட் நகரத்து வான்கோழிக்காரர்கள் – ஒரு நிகழ்வு ஆய்வு

ஸ்பெயினில் கிறிஸ்துமஸ் குடில் வைப்பவர்கள் மாட்டுத் தொழுவத்தோடு நிறுத்திக்கொள்வதில்லை. அதைச் சுற்றி ஓர் ஊரையே கட்டிவிடுவார்கள். துணி துவைப்பவள், ரொட்டி சுடுபவன், கஷ்கொட்டை வறுப்பவள், கிணற்றடியில் தண்ணீர் இறைப்பவள் என்று எல்லாரும் அங்கே இருப்பார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு பெண், கையில் நீளக் கோலும் காலடியில் நான்கைந்து கறுப்பு வான்கோழிகளுமாக நிற்பாள். அவளைப் பாவேரா என்பார்கள், அதாவது வான்கோழிக்காரி. இயேசு பிறந்த காலத்துப் பெத்லகேமில் வான்கோழி ஏது? அது அமெரிக்கக் கண்டத்துப் பறவை. ஐரோப்பா அதைப் பார்க்க இன்னும் 1500 ஆண்டுகள் ஆயின. மண் பொம்மை செய்தவர்கள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. டிசம்பர் வந்தால் தங்கள் தெருவில் யாரைப் பார்த்தார்களோ அவரையே பிடித்து வைத்தார்கள்.

இந்த ஆய்வு அந்தத் தெருவைப் பற்றியது. 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் மாட்ரிட் நகரத்துக்குள் வான்கோழி மந்தைகள் நடந்து வந்தன. ஓட்டி வந்தவர்களுக்குப் பாவேரோக்கள் என்று பெயர். பிளாசா மாயோர் என்னும் பெரிய சதுக்கத்திலும் பக்கத்திலிருந்த சாந்தா குரூஸ் சதுக்கத்திலும் அவர்கள் பறவைகளை உயிரோடு விற்றார்கள். இன்று அங்கே ஒரு வான்கோழியும் இல்லை. அதே நாட்டின் வடமேற்கு மூலையிலும் கடலோரக் கட்டலோனியாவிலும் கிறிஸ்துமஸ் கோழிச் சந்தை மட்டும் இன்னும் கூடுகிறது. ஒரே நாடு, ஒரே பண்டிகை. ஓர் இடத்தில் வழக்கம் அற்றுப்போனது, இன்னோர் இடத்தில் தங்கியது. இதற்கு என்ன காரணம் என்பதே என் கேள்வி.

நான் கண்ட விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பறவையை உயிரோடு விற்றது சம்பிரதாயத்துக்காக அல்ல. ஐஸ் பெட்டி (ஃபிரிட்ஜ்) இல்லாத காலத்தில் உப்பிடாத புது இறைச்சி கெடாமல் இருக்க எளிய வழி பறவை உயிரோடு இருப்பதுதான். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

பறவை வந்த வழி

ஸ்பானியர்கள் வான்கோழியைப் பற்றி எழுதிய தொடக்கக் குறிப்புகளில் ஒன்று ஒரு சந்தையைப் பற்றியது. மெக்சிகோவை வென்ற எர்னான் கோர்டெஸ் 1520இல் தன் அரசருக்கு எழுதிய கடிதத்தில், ஆஸ்டெக் தலைநகரத்தின் மாபெரும் சந்தையை வியந்து விவரிக்கிறார். அங்கே விற்ற பறவைகளைப் பட்டியல் போடும்போது ‘கோழிகள்’ என்று அவர் குறிப்பிடுவது வான்கோழிகளையே. அந்த மக்கள் பேசிய நஹுவாத்ல் மொழியில் அதன் பெயர் ஹுவெஷோலோத்ல். மெக்சிகோக்காரர்கள் இன்றும் அதிலிருந்து வந்த ‘குவாஹோலோட்டே’ என்ற சொல்லைத்தான் புழங்குகிறார்கள்.

கடல் கடந்து ஸ்பெயினுக்கு வந்ததும் பறவையின் பெயர் மாறிப்போனது. ‘பாவோ’ என்றால் அதுவரை மயில். தோகையை விரித்து நிற்கும் புதிய பறவையைப் பார்த்தவர்கள் அதற்கும் அந்தப் பெயரையே வைத்தார்கள். பிறகு பழைய பாவோவைப் பிரித்துச் சொல்ல வேண்டியதாயிற்று. அதனால் மயில் ‘பாவோ ரியால்’, அதாவது அரச பாவோ, ஆனது. மயிலையும் வான்கோழியையும் சேர்த்துப் பேசிப் பழகிய தமிழ்க் காதுக்கு இது அந்நியமாகப் படாது. நாம் வான்கோழியை மயிலைப் பார்த்து ஆடவிட்டோம். அவர்கள் மயிலின் பெயரையே அதற்குக் கொடுத்துவிட்டார்கள்.

டிசம்பரில் ஏன்?

வான்கோழிக் குஞ்சு வசந்த காலத்தில் பொரிகிறது. முதல் சில வாரங்கள் மிகவும் நோஞ்சான். ஈரம் பட்டால் செத்துவிடும். அந்தக் கண்டத்தைத் தாண்டிவிட்டால் பிறகு கவலையில்லை. கோடையில் காஸ்டில் சமவெளியிலும் லா மான்சாவிலும் கோதுமை அறுவடை முடிந்ததும் தாள் நிற்கும் வயலில் மந்தையை மேய விடுவார்கள். சிந்திய மணியும் வெட்டுக்கிளியும் தீனி. செலவில்லாமல் வளர்ந்து இலையுதிர் காலத்தில் சதை பிடித்துவிடும். குளிர்காலம் வந்தால் வயலில் ஒன்றும் கிடைக்காது. பறவையை மேலும் வைத்திருந்தால் தானியம் வாங்கிப் போட வேண்டும். தின்னத் தின்ன லாபம் கரையும். ஆகவே டிசம்பருக்குள் விற்றாக வேண்டும். நகரத்தில் அதே டிசம்பரில்தான் எல்லார் வீட்டிலும் விருந்து. பண்டிகையும் தீனிக் கணக்கும் ஒரே வாரத்தில் வந்து விழுந்தன.

மந்தை நகரத்துக்கு எப்படிப் போய்ச் சேரும்? வண்டியில் ஏற்றினால் செலவு, நெரிசலில் சாகவும் செய்யும். வான்கோழியோ நன்றாக நடக்கும், கூட்டத்தை விட்டுப் பிரியாது. ஒன்று போனால் மற்றவை பின்னாலேயே போகும். எனவே மந்தையை நடத்தியே கொண்டுவந்தார்கள். ஓட்டுபவரின் கையில் ஆளைவிட நீளமான மெல்லிய கோல் இருக்கும். அது அடிக்கும் கோல் அல்ல. பக்கவாட்டில் நீட்டினால் வேலி, முன்னால் தாழ்த்தினால் கதவு. அடித்தால் சதை கன்றிப்போகும், கன்றிய பறவைக்கு விலை விழும். பொழுது சாயத் தொடங்கினால் வான்கோழி கிளை தேடி அடையப் பார்க்கும். அதற்குமேல் ஓர் அடி நகராது. அதனால் பயணத்தின் வேகத்தைத் தீர்மானித்தது மனிதன் அல்ல, குளிர்காலத்தின் குட்டைப் பகல்.

நான் இதில் தங்கி நிற்பதற்குக் காரணம் உண்டு. பண்டம் தன்னைத் தானே சுமந்து வந்தது. தன்னைத் தானே கெடாமல் காத்துக்கொண்டது. பாவேரோவிடம் கிடங்கும் இல்லை, வண்டியும் இல்லை, ஐஸும் இல்லை. இருந்தது கோலும் பறவையின் மனத்தை அறிந்த அறிவும். இவ்வளவு குறைந்த முதலீட்டில் தலைநகரத்தின் பண்டிகைச் சந்தைக்குள் ஒரு கிராமத்தான் நுழைய வேறு வழி அனேகமாக இல்லை.

நகர எல்லையில் ஒரு தடை இருந்தது. உள்ளே வரும் உணவுப் பொருளுக்கு நுழைவு வரி வாங்கும் சாவடிகள் ஸ்பெயின் நகரங்களின் வாயில்களில் நின்றன. 1845இல் நாடு முழுக்க ஒழுங்குபடுத்தப்பட்ட இந்த வரியை ஏழைகளின் வயிற்றில் அடிக்கும் வரி என்று மக்கள் வெறுத்தார்கள். 1911இல் அதை நீக்கச் சட்டம் வந்தது. அதன் பிறகும் பல ஊர்களில் சாவடிகள் உள்ளூர்த் தீர்வை வாங்கிக்கொண்டு பல காலம் இருந்தன.

கட்டைவிரல் கணக்கு

சதுக்கத்தில் தராசுக்கு வேலை குறைவு. விலை பறவைக்கு இவ்வளவு என்று கண்மதிப்பில் பேசப்பட்டது. அப்படியானால் வாங்குபவர் எதை நம்பி வாங்குவார்? தன் கையைத்தான். கால்களைச் சேர்த்துப் பிடித்துத் தூக்கிப் பார்ப்பார். நெஞ்செலும்பின் இரு பக்கமும் கட்டைவிரலால் அழுத்துவார். எலும்பு கத்தி விளிம்பு போலத் தட்டுப்பட்டால் பறவை மெலிவு. விரல் சதையில் புதைந்தால் கொழுப்பு. மார்பு இறகை ஊதி விலக்கித் தோலின் நிறம் பார்ப்பார். காலில் செதிலும் முள்ளும் எப்படி இருக்கின்றன என்று பார்த்து வயதைக் கணிப்பார். நம் ஊர் வாரச் சந்தையில் நாட்டுக்கோழி வாங்கியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது நம்பிக்கை எங்கே இருந்தது என்பது. முத்திரை இல்லை, கடைப் பெயர் இல்லை. விற்பவர் அடுத்த ஆண்டு வருவாரா என்பதும் நிச்சயமில்லை. பறவை கண் முன்னால் தலையைத் தூக்கி நிற்கிறது, அதுவே சாட்சி. செத்த பறவையில் எதை வேண்டுமானாலும் மறைக்கலாம். உயிருள்ளதில் நோயை மறைப்பது கடினம். உயிரோடு வாங்குவது வாங்குபவருக்கும் பாதுகாப்பாக இருந்தது.

வாங்கியதும் கதை முடிவதில்லை. கிறிஸ்துமஸ் வரை பறவை வீட்டில் இருக்க வேண்டும். அடுக்கு வீடுகளில் பால்கனியிலும் சமையலறை மூலையிலும் கட்டிப்போட்டார்கள். வெட்டுவதற்கு முன் பிராந்தியோ சோம்பு மதுவோ அதன் தொண்டையில் ஊற்றுவது பரவலான வழக்கம். சதை மென்மையாகும் என்பது நம்பிக்கை. அந்தச் சில நாட்களில் வீட்டுப் பிள்ளைகள் அதனோடு பழகியிருப்பார்கள். பண்டிகை மேசையில் வந்த தட்டு யார் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த அறிவு குழந்தைகளுக்குப் பாரமா, நல்லதா? என்னைக் கேட்டால், உண்பது ஓர் உயிர் என்று தெரிந்து உண்பது தெரியாமல் உண்பதைவிட மேல். அழுத பிள்ளைகளின் பக்கம் நின்றும்தான் இதைச் சொல்கிறேன்.

மொழியில் இதெல்லாம் படிந்து கிடக்கிறது. விடலைப் பருவத்துக்கு ஸ்பானியத்தில் ‘வான்கோழி வயது’ என்று பெயர். பேச்சுவழக்கில் ஐந்து பெசெட்டா நாணயம் ஒரு ‘பாவோ’. இன்று யூரோவையும் அப்படிச் சொல்கிறார்கள். காதலர்கள் சன்னல் கம்பிக்கு இப்புறமும் அப்புறமும் நின்று நெடுநேரம் பேசுவதற்கு ‘பெட்டை வான்கோழிக்கு இறகு பிடுங்குவது’ என்பார்கள். இறகு பிடுங்கச் சன்னலருகே போன பணிப்பெண் காதலனோடு பேசி நின்றாளாம். எசமானி கூப்பிடும்போதெல்லாம் “இன்னும் பிடுங்கி முடியவில்லை அம்மா” என்றாளாம். கதை உண்மையோ இல்லையோ, ஒரு வான்கோழிக்கு இறகு பிடுங்க எவ்வளவு நேரம் ஆகும் என்பது ஊருக்கே தெரிந்திருந்தது என்பது உண்மை.

பரிசாக, வாடகையாக

வாங்கிய எல்லாரும் தங்கள் வீட்டில் உண்ணவில்லை. கிறிஸ்துமஸுக்கு வேண்டியவர்களுக்கு அன்பளிப்பு தருவதை ‘அகினால்டோ’ என்பார்கள். வைத்தியருக்கும் வக்கீலுக்கும் உயிருள்ள வான்கோழியோ சேவலோ போகும். 20ஆம் நூற்றாண்டின் நடுவில் மாட்ரிட்டிலும் பார்சிலோனாவிலும் இன்னொரு வழக்கம் இருந்தது. நாற்சந்தியில் மேடைமேல் நின்று கைகாட்டும் போக்குவரத்துக் காவலரின் காலடியில் வண்டியோட்டிகள் பரிசுகளைக் குவிப்பார்கள். மது பாட்டில், பாதாம் மிட்டாய்ப் பெட்டி, நடுவே கால் கட்டிய பறவை. அந்தக் காலத்துப் பத்திரிகைப் படங்களில் இதைப் பார்க்கலாம்.

வடக்கே பாஸ்க் நாட்டில் டிசம்பர் 21, புனித தோமா திருநாள். குடியானவர்கள் சான் செபாஸ்டியன் நகரத்துக்கு வந்து நிலக்கிழாரிடம் ஆண்டுக் குத்தகை கட்டும் நாள் அது. பணத்தோடு இரண்டு காயடித்த சேவல்களையும் கொண்டுவருவார்கள். நிலக்கிழார் பதிலுக்குச் சாப்பாடு போடுவார். வந்தவர்கள் மிச்சப் பொருளை நகரத்திலேயே விற்றுவிட்டுப் போனார்கள். அதுவே பெரிய சந்தையாக வளர்ந்தது. குத்தகை போய்விட்டது, சந்தை இன்றும் நடக்கிறது. கிராமியக் கிறிஸ்துமஸ் என்று நாம் அழகாக நினைக்கும் காட்சிக்குள் நிலமில்லாதவன் நிலமுள்ளவனுக்குக் கொண்டுபோன கோழியும் இருக்கிறது. அதைக் கழித்துவிட்டு இந்த வரலாற்றைச் சொல்ல எனக்கு மனமில்லை.

மந்தை நின்ற விதம்

மாட்ரிட்டில் பாவேரோக்களை யாரும் ஒரே நாளில் விரட்டவில்லை. தெருவில் மோட்டார் வண்டி பெருகியது. மந்தைக்கு வழியில்லாமல் போனது. 1960களில் தொழில்முறைக் கோழிப் பண்ணைகள் வந்தன. அதுவரை பண்டிகைக்கும் நோயாளிக்கும் மட்டுமே என்றிருந்த கோழிக்கறி எல்லாவற்றையும்விட மலிவான கறியானது. எது பண்டிகைக்கு உரியது என்ற வேறுபாடே மங்கியது.

இவற்றையெல்லாம்விடப் பெரிய அடி ஐஸ் பெட்டி. 1960இல் ஸ்பெயினில் நூறு வீடுகளில் சுமார் 4 வீடுகளில்தான் அது இருந்தது. 1970களின் தொடக்கத்தில் மூன்றில் இரண்டு பங்கு வீடுகளுக்கு வந்துவிட்டது. வெறும் பத்தே ஆண்டுகள். இறகு பிடுங்கி, குடல் எடுத்து, சுத்தமாகப் பையில் போட்ட பறவையை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்றான பிறகு, பால்கனியில் நான்கு நாள் அசிங்கம் செய்யும் உயிருள்ள பறவையை யார் வாங்குவார்கள்? விற்பனைக்கான இறைச்சி கால்நடை மருத்துவர் பார்த்த அறுவைக்கூடத்திலிருந்தே வர வேண்டும் என்ற விதிகளும் இறுகின. நம்பிக்கை கட்டைவிரலிலிருந்து முத்திரைக்கு மாறியது.

கடைசியாகப் பறவைக் காய்ச்சல். 2006 ஜூலையில் ஸ்பெயினில் முதல்முறையாக அந்தக் கிருமி கண்டறியப்பட்டது. வடக்கே விட்டோரியா நகருக்குப் பக்கத்துச் சல்புருவா சதுப்பு நிலத்தில் செத்துக் கிடந்த ஒரு கொண்டை முக்குளிப்பானில் அது இருந்தது. அதே மாத இறுதியில் அபாயப் பகுதிகளில் பறவைகளை ஓரிடத்தில் கூட்டும் சந்தைகளுக்குக் கட்டுப்பாடு விதித்து அரசாணை வந்தது. 2025 நவம்பரில், கிறிஸ்துமஸுக்குச் சில வாரங்களே இருந்தபோது, திறந்தவெளியில் வளரும் கோழி, வான்கோழிகளை நாடு முழுவதும் அடைத்து வைக்க உத்தரவு போடப்பட்டது. இந்தக் கட்டுப்பாடுகளை நான் குறை சொல்லமாட்டேன். பல ஊர்ப் பறவைகளை ஒரு சதுக்கத்தில் நெருக்கி வைப்பது கிருமிக்கு வழி திறந்துவிடுவதுதான். ஆனால் மாட்ரிட் வான்கோழிச் சந்தையைக் கொன்றது காய்ச்சல் என்று சிலர் சொல்வது தவறு. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அது போய்விட்டது.

தங்கிய இடங்கள்

வடமேற்கு மூலையிலுள்ள கலீசியாவில் லூகோ மாவட்டத்து வில்லால்பா சிறிய ஊர். கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்பு அங்கே காயடித்த சேவல்களுக்கென்றே சந்தை கூடுகிறது. சேவலைக் குஞ்சுப் பருவம் தாண்டியதும் காயடிப்பார்கள். சண்டையும் கூவலும் அடங்கி, தின்ற தீனி சதைக்குள் கொழுப்பாக இறங்கும். ஐரோப்பிய விதிப்படி அப்படிப்பட்ட சேவலை 140 நாட்களுக்கு முன் அறுக்கக் கூடாது. காயடித்த பிறகு குறைந்தது 77 நாள் வளர்க்க வேண்டும். கலீசியாவில் கடைசி வாரங்களில் அதைக் ‘கப்போய்ரா’ என்னும் மரக்கூண்டில் அடைத்து, சோளமாவும் வேகவைத்த உருளைக்கிழங்கும் பிசைந்த உருண்டையை ஊட்டுவார்கள். முன்பெல்லாம் கூண்டு அடுப்படியிலேயே இருக்கும், கதகதப்புக்காக. காயடிப்பது வலிக்கும் அறுவை; கடைசி வாரங்களின் நெருக்கமும் சுகமல்ல. சுவையைப் பாராட்டுகிறவர்கள் இதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

வில்லால்பாவில் இன்று விற்பது உயிருள்ள பறவை அல்ல. அறுத்துச் சுத்தம் செய்ததுதான். ஆக, சந்தை தங்கியதற்கு உயிர் காரணமில்லை. ஊரின் பெயர்தான் காரணம். வில்லால்பா சேவல் என்றால் ஒரு நிலம், ஒரு தீனி, ஒரு கைப்பக்குவம். அதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடும் இருக்கிறது. பார்சிலோனாவுக்குத் தெற்கே எல் பிராட்டின் நீலக்கால் கோழியும், அதற்கப்பால் பெனடேஸ் திராட்சைத் தோட்டங்களின் கறுப்புச் சேவலும் இதே வழியில் பிழைத்தன. எல் பிராட்டின் வயல்களில் கணிசமான பகுதியை இன்று விமான நிலையம் எடுத்துக்கொண்டது. மிஞ்சிய மண்ணில் அந்தக் கோழி தொடர்கிறது. அவ்வூரில் டிசம்பரில் கோழிக் கண்காட்சி நடக்கிறது. பெனடேஸின் விலாஃப்ராங்காவில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வார இறுதியில் சேவல் சந்தை கூடுகிறது.

மாட்ரிட் பாவேரோவுக்கு இது வாய்க்கவில்லை. அவருடைய வான்கோழி எந்த ஊருடையது என்று வாங்கியவர் கேட்டதில்லை. அது ‘நடந்து வந்த வான்கோழி’, அவ்வளவுதான். அது தேவைப்பட்டதே உயிரோடு கிடைத்ததால். அந்தத் தேவை தீர்ந்ததும் பிடித்துக்கொள்ள வேறு பெயர் இல்லை. கட்டலோனியாவிலும் பார்சிலோனாத் தெருக்களில் வான்கோழி மந்தைகள் நின்ற காலம் உண்டு. அவையும் போய்விட்டன. கிராமத்தில் வேர் கொண்ட சேவல் மட்டும் நின்றது.

பிளாசா மாயோரில் இப்போதும் டிசம்பரில் மரக்கடைகள் போடுகிறார்கள். குடில் பொம்மை, மினுமினுப்புத் தொங்கல், பிள்ளைகள் மாட்டிக்கொள்ளும் வண்ண விக். மண் வான்கோழிகளை அங்கே விலைக்கு வாங்கலாம். வில்லால்பாவிலோ விடியும் முன்பே வளர்த்தவர்கள் வந்து வரிசையாக உட்காருகிறார்கள். கூடைக்குள் வெள்ளைத் துணி, அதன்மேல் இரண்டு சேவல்கள். உள்ளிருந்து எடுத்த கொழுப்பைக் குச்சியில் விரித்து முதுகின்மேல் வைத்திருப்பார்கள், மஞ்சள் எவ்வளவு என்று தெரிய. குறியீட்டு அட்டை காலில் கட்டியிருக்கும். வாங்க வந்தவர் அட்டையைப் படித்துவிட்டு, குனிந்து, நெஞ்செலும்பின் பக்கத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்க்கிறார்.